சளியில் கிருமி உண்டு, காசநோய் இல்லை: என்.டி.எம். நுரையீரல் தொற்றுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து ஆண்டுகளுக்கு முன்பு காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமான ஒருவர், இப்போது மூன்று மாதமாக விடாத இருமலோடு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நுண்ணோக்கியில் பார்த்த சளி அறிக்கை 'ஏ.எஃப்.பி. 2+' என்கிறது; அமிலத்தால் கழுவியும் சாயம் போகாத குச்சிக் கிருமிகள் கணிசமாக உண்டு என்பது அதன் பொருள். அதே சளியில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடிய சிபிநாட் சோதனையின் அறிக்கையோ 'காசநோய்க் கிருமி கண்டறியப்படவில்லை' என்கிறது. இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் குழம்பி நிற்கும். ஆய்வகத்தில் சளி மாறிப்போயிருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். பழைய நோய் திரும்பிவிட்டது, இந்த முறை மருந்துக்கு அடங்காத வகை என்று முடிவுகட்டி, மறுபடியும் காசநோய் மாத்திரையைத் தொடங்குகிறவர்களும் உண்டு. ஆனால் இரண்டு அறிக்கைகளுமே சரியாக இருக்கலாம். சளியில் இருப்பது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி; காசநோய்க் கிருமி அல்ல. அதைத்தான் மருத்துவர்கள் 'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா', சுருக்கமாக என்.டி.எம். என்கிறார்கள். சில ஆய்வகங்கள் 'எம்.ஓ.டி.டி.' என்றும் அச்சிடும், இரண்டும் ஒன்றே.

நாள்பட்ட இருமலும் சளியும் உள்ளவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார், அவர்களை முதலில் பார்க்கும் பொதுமருத்துவர்கள் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: கிருமியின் இனப்பெயர் தெரியாமல் நீண்டகால மருந்தைத் தொடங்கக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதற்குமான வழிகள்.

முதல் படி: எதிராளியைத் தெரிந்துகொள்வது

மைக்கோபாக்டீரியா என்பது பெரிய குடும்பம். காசநோய்க் கிருமியையும் தொழுநோய்க் கிருமியையும் தவிர்த்து, ஏறக்குறைய இருநூறு இனங்கள் இதில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. காசநோய்க் கிருமி மனித உடலையே வீடாகக் கொண்டது. இவையோ மண்ணிலும் நீரிலும் தாமாக வாழ்பவை. மெழுகு போன்ற கொழுப்பு உறை இவற்றைப் போர்த்தியிருப்பதால், குடிநீரில் கலக்கும் குளோரினுக்கு எளிதில் மடிவதில்லை. குழாயின் உட்புறத்திலும் ஷவர் தலையிலும் தொட்டால் வழுவழுப்பாகத் தெரியும் படலம் அவற்றின் விருப்பமான இருப்பிடம். அந்த நீர் சிறு திவலைகளாகத் தெறிக்கும்போதும், காய்ந்த மண் தூசியாகப் பறக்கும்போதும் நாம் எல்லோருமே இந்தக் கிருமிகளை மூச்சில் இழுக்கிறோம். பெரும்பாலானோர் உடலில் அவை தங்குவதில்லை.

இதனால் கிடைக்கும் ஓர் ஆறுதலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ளவர்களிடையே 'அப்செசஸ்' என்ற ஓர் இனம் பரவியிருக்கக்கூடும் என்பதற்கான சான்றுகள் உண்டு. அதைத் தவிர, என்.டி.எம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது இல்லை என்றே கொள்ளலாம். காசநோய் இல்லை என்பது உறுதியானபின், நோயாளிக்குத் தனித் தட்டு, தனி அறை தேவையில்லை. பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்ற தடையும் தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவர் வாயால் தெளிவாகக் கேட்காததால், வீட்டின் ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போன முதியவர்கள் உண்டு. அந்த ஒதுக்கம் நோயைவிடக் கொடியது.

இந்தக் கிருமிகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய மிகப் பெரிய கள ஆய்வு ஒன்று தொடங்கியது. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தலின் முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. ஏன் என்ற கேள்விக்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் முக்கியமானது, அந்த மண்ணிலும் நீரிலும் நிறைந்திருந்த இதே சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களோடு மக்களின் உடல் ஏற்கனவே பழகியிருந்தது என்பதுதான். காசநோய்த் தோல் பரிசோதனையான மான்டூ சோதனை நம் ஊரில் அடிக்கடி குழப்புவதற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

இரண்டாம் படி: யாரிடம் சந்தேகப்பட வேண்டும்

அறிகுறிகளை மட்டும் வைத்து இதைக் காசநோயிலிருந்து பிரிக்க முடியாது. மாதக்கணக்கான இருமல், சளி, சோர்வு, எடைக்குறைவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சில நேரம் சளியில் இரத்தம் என எல்லாம் இரண்டுக்கும் பொது. வேறுபாடு பெரும்பாலும் வேகத்தில்தான் இருக்கிறது. என்.டி.எம். பல சமயம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். 'எனக்கு எப்போதும் இருக்கிற சளிதான்' என்று நோயாளியே சொல்லும் அளவுக்கு அது அவரோடு பழகிப்போயிருக்கும்.

ஆகவே, நுரையீரல் ஏற்கனவே பழுதாகியிருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். இந்தியாவில் முதலிடம், காசநோய் ஆறியபின் தழும்பும் குழிவும் நிலைத்துவிட்ட நுரையீரலுக்குத்தான். அடுத்து மூச்சுக்குழாய் விரிவு நோய், புகைப்பழக்கத்தாலோ விறகடுப்புப் புகையாலோ வரும் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலைகளிலும் உழைத்தவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் ஆகியவற்றைச் சொல்லலாம். நீண்டகாலமாக அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், மூட்டு நோய்க்காக, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடுபவர்கள், உணவு மேலெழுந்து மூச்சுக்குழாய்க்குள் சிந்தும் தொல்லை உள்ளவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். இவை எதுவும் இல்லாமல், புகைக்காத, மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. அவர்களில் சிலருக்கு முதுகெலும்பு வளைவோ மார்பெலும்புக் குழிவோ இருப்பதை மருத்துவ உலகம் கவனித்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சி.டி.4 எனப்படும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 50-க்குக் கீழே போகும்போது உடல் முழுவதும் பரவும் வகை தனி நோய். அதற்கு இரத்த வளர்ப்புச் சோதனையும் வேறு மருத்துவத் திட்டமும் வேண்டும். இங்கே அதை விரிக்கவில்லை.

மூன்றாம் படி: சளியைச் சரியாகத் தருவது

முழு வழியிலும் மிக மலிவான படி இதுதான், ஆனால் மிக அதிகமாகப் பிழையாவதும் இதில்தான். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், எவ்வளவு உயர்ந்த ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், கொதிக்கவைத்து ஆறிய நீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். குழாய் நீரைப் பிடித்து நேரே கொப்பளிக்கக் கூடாது. அந்த நீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியாவே சளி டப்பாவுக்குள் புகுந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். பிறகு காற்றோட்டமான இடத்தில், மொட்டைமாடி என்றால் இன்னும் நல்லது, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி அடக்கி, மெல்ல விட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் அடிவயிற்றை உள்ளிழுத்து இருமினால், தொண்டையிலிருந்து அல்லாமல் நெஞ்சின் அடியிலிருந்து சளி கிளம்பும். அது கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ கலந்து இழுபடும். நுரையோடு தண்ணீராக இருந்தால் அது எச்சில். ஒரு தேக்கரண்டி அளவாவது, அதாவது ஐந்து மில்லி, சேரும்வரை டப்பாவை மூடக் கூடாது. மூடியபின் அன்றே கொண்டுசேர்க்க வேண்டும். தாமதமாகும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது.

ஒரு நாள் சளி போதாது. குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று வேறு நாட்களின் சளி வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒரு வாரமாவது இருந்தால் அந்த முடிவுக்கு மதிப்பு கூடும். சளி வராதவர்களுக்கு உப்பு அடர்ந்த நீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைக்கலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால், மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க்கருவியை விடும் பிராங்கோஸ்கோபி செய்து நுரையீரல் கழுவுநீரை எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள். அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், லினசோலிட் போன்றவை கிருமி வளர்ச்சியைத் தடுத்துச் சோதனையைப் பொய்யாக்கும். நோயின் நிலை இடம்கொடுத்தால், அவற்றை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துச் சளி எடுப்பது நல்லது. அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

நான்காம் படி: அறிக்கைகளை ஒன்றோடொன்று வைத்து வாசிப்பது

நுண்ணோக்கிச் சோதனையில் ஆய்வக நுட்பர் பார்ப்பது நிறத்தை மட்டும்தான். சளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி, செஞ்சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் கொடுப்பார்கள். மெழுகு உறையுள்ள கிருமி அமிலத்துக்கும் சாயத்தை விடாமல் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக நிற்கும். காசநோய்க் கிருமியும் என்.டி.எம்.மும் அதே சிவப்புக் குச்சிகள்தான். எத்தனை அனுபவமுள்ள கண்ணும் இவற்றைப் பார்வையால் உறுதியாகப் பிரித்துவிட முடியாது. ஆக, 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என்பது குடும்பப் பெயரை மட்டும் சொல்கிறது.

சிபிநாட், ட்ரூநாட் ஆகிய மூலக்கூறு சோதனைகள் தேடுவது காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளை மட்டுமே. நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குக் கிருமி இருக்கும் சளியில் காசநோயை இவை தவறவிடுவது மிக அரிது. அதனால்தான் நுண்ணோக்கியில் 'உண்டு', சிபிநாட்டில் 'இல்லை' என்ற சேர்க்கை இவ்வளவு முக்கியமாகிறது. அந்த இடத்தில் என்.டி.எம். என்ற எண்ணம் மருத்துவர் மனதில் எழுந்தே ஆக வேண்டும். எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முன்பு காசநோய் வந்தவர்களிடம் செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட இந்தச் சோதனைகள் பிடித்துவிடலாம். மேலும், ஒரே நுரையீரலில் இரண்டு தொற்றும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

மூன்றாவது, தீர்ப்பு சொல்லும் சோதனை, வளர்ப்புச் சோதனை எனப்படும் கல்ச்சர். திரவ ஊடகத்தில் ஆறு வாரம் வரையும், திட ஊடகத்தில் எட்டு வாரம் வரையும் பொறுத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நோயாளிக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் நோய் ஆண்டுக்கணக்கில் நகர்வது என்பதால், மூச்சுத்திணறலோ பெரும் இரத்தப்போக்கோ இல்லாதவருக்கு இந்தச் சில வாரங்களால் இழப்பு ஒன்றும் இல்லை. கிருமி வளர்ந்ததும், எம்.பி.டி.64 என்ற புரதத்தைத் தேடும் சிறு பட்டைச் சோதனை, அது காசநோய்க் கிருமியா இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லும். அதில் 'இல்லை' என்று வந்தவுடன் பல அறிக்கைகள் 'என்.டி.எம். வளர்ந்துள்ளது' என்று எழுதி முடித்துவிடுகின்றன. அங்கே நிற்கக் கூடாது. எந்த இனம், அப்செசஸ் என்றால் எந்த உள்ளினம் என்பதை லைன் புரோப் சோதனையாலோ, மால்டி-டாஃப் கருவியாலோ, மரபணு வரிசையைப் படித்தோ கண்டறியச் சொல்லிக் கேட்க வேண்டும். மாவட்ட ஆய்வகத்தில் அந்த வசதி இல்லையென்றால், வளர்ந்த கிருமியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கிவரும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், காசநோய் ஆய்வகங்களுக்கான தேசிய மேற்கோள் ஆய்வகங்களில் ஒன்று.

இனப்பெயர் தெரியாததால் விழும் பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். பல என்.டி.எம். இனங்கள் இயல்பிலேயே ஐசோனியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் எளிதில் மடியாதவை. ஆகவே காசநோய் மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி தொடர்ந்து தெரிந்தால், 'மருந்து எதிர்ப்புக் காசநோய்' என்ற முத்திரை விழ வாய்ப்பிருக்கிறது. அந்த முத்திரையோடு வரும் மருந்துகள் கடுமையானவை. இல்லாத நோய்க்காக ஒருவர் நரம்புப் பாதிப்பையும் இரத்தச்சோகையையும் வாங்கிக்கொள்ள நேரும். மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி மறையாத ஒவ்வொருவருக்கும், மருந்தை மாற்றும் முன்பு இனத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஸ்கேன்

மார்பு எக்ஸ்ரே தொடக்கத்துக்குப் போதும். முடிவெடுக்க உயர் துல்லிய சி.டி. ஸ்கேன் வேண்டும். இரண்டு வடிவங்கள் தெரியும். நுரையீரலின் மேற்பகுதியில் குழிவும் தழும்பும் கொண்ட வடிவம், பெரும்பாலும் புகைத்த ஆண்களிடமும் பழைய காசநோயாளிகளிடமும் காணப்படுவது; இது வேகமாக நுரையீரலைத் தின்னும். மற்றது, வலப்புற நடு மடலிலும் இடப்புற நுரையீரலின் நாக்குப்பகுதியிலும் விரிந்த மூச்சுக்குழாய்களும், துளிர்விட்ட கிளை போலச் சிறு முடிச்சுகளும் தெரியும் வடிவம். இது மெல்ல நகரும். ஸ்கேன் பார்க்கும்போதே புற்றுநோயையும், பழைய குழிவுக்குள் பந்துபோல் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையையும் விலக்க வேண்டும். அந்தப் பூஞ்சை என்.டி.எம்.மோடு சேர்ந்தே வரக்கூடியது.

ஆறாம் படி: நோய்தான் என்று உறுதிசெய்வது

சளியில் என்.டி.எம். வளர்ந்த எல்லோருக்கும் நோய் இருப்பதாக ஆகாது. கிருமி வந்துபோயிருக்கலாம், நீரிலிருந்து கலந்திருக்கலாம், தீங்கின்றித் தங்கியிருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2007-இல் அமெரிக்க மார்பு மருத்துவக் கழகமும் தொற்றுநோய்ச் சங்கமும் வகுத்த அளவுகோலை, 2020-இல் ஐரோப்பிய அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் உறுதிப்படுத்தியது. மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும்: அறிகுறி இருக்க வேண்டும், ஸ்கேனில் பொருந்தும் மாற்றம் இருக்க வேண்டும், நுண்ணுயிர்ச் சான்று இருக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சான்று என்பது தனித்தனியாக எடுத்த குறைந்தது இரண்டு சளிகளில் ஒரே இனம் வளர்வது, அல்லது ஒரு நுரையீரல் கழுவுநீரில் வளர்வது, அல்லது திசுவில் பொருந்தும் மாற்றத்தோடு கிருமி வளர்வது. இவற்றோடு, வேறு நோய்கள் விலக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த எடைபோடலில் இனப்பெயர் மறுபடியும் கைகொடுக்கும். கார்டோனே என்ற இனம் வந்தால், அது ஏறக்குறைய எப்போதும் குழாய் நீரின் கலப்பு. கான்சசி வந்தால் அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அது காசநோயைப் போலவே நடந்துகொள்ளும். ஃபார்ச்சுயிட்டம் நுரையீரலில் நோய் செய்வது குறைவு. உணவு மூச்சுக்குழாய்க்குள் சிந்துகிறதா என்று தேடச் சொல்லும் குறியாக அதைக் கொள்ளலாம். ஏவியமும் இன்ட்ராசெல்லுலேரும் அடங்கிய எம்.ஏ.சி. குழுவும், அப்செசஸும் வந்தால், நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: இப்போதே மருந்தா, பொறுத்திருப்பதா

காசநோய் என்று உறுதியான அன்றே மருந்து தொடங்க வேண்டும். என்.டி.எம்.மில் அப்படி இல்லை, இதை நோயாளிக்குப் புரியவைக்க நேரம் ஒதுக்க வேண்டும். மருந்து ஓராண்டுக்கு மேல் நீளும், பக்கவிளைவுகள் உண்டு, முடிந்தபின் நோய் திரும்புவதும் உண்டு. எனவே குழிவு இருந்தாலோ, நுண்ணோக்கியிலேயே தெரியுமளவு கிருமி இருந்தாலோ, எடை இறங்கிக்கொண்டே போனாலோ காத்திருக்கக் கூடாது. அறிகுறி மிகக் குறைவாக, குழிவு இல்லாமல், எம்.ஏ.சி. வகை முடிச்சு நோய் மட்டும் உள்ள முதியவர் ஒருவரை, நுரையீரல் சுத்திகரிப்பும் ஊட்டமும் கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சளியும் குறித்த இடைவெளியில் ஸ்கேனும் பார்த்துக் கவனித்து வருவதும் முறையான மருத்துவமே. கைவிடுதல் என்று அதை யாரும் எண்ண வேண்டாம்.

எட்டாம் படி: இனத்துக்கேற்ற மருந்து

எம்.ஏ.சி.க்கு மூன்று மருந்துகள் கொண்ட கூட்டு வேண்டும்: அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின், எத்தாம்பூட்டால், ரிஃபாம்பிசின். குழிவு இல்லாத முடிச்சு நோய்க்கு இதை வாரம் மூன்று நாள் கொடுக்கலாம். குழிவு நோய்க்குத் தினமும் கொடுத்து, முதல் இரண்டு மூன்று மாதம் அமிக்காசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் முறையாகச் சாப்பிட்டும் கிருமி மறையாதவர்களுக்கு, லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழில் பொதிந்த அமிக்காசினை மூச்சுவழி கொடுக்கும் முறையை 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்றது. காசநோய்த் திட்டத்தின் முதற்கட்டக் கூட்டு மாத்திரையில் ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் சேர்ந்திருக்கின்றன, அவை எம்.ஏ.சி.யை வெல்ல உதவாது, கல்லீரலுக்குச் சுமை மட்டும் கூடும். 'இருக்கிற மாத்திரையையே தொடரலாம்' என்ற சமாதானம் அதனால்தான் ஏற்கத்தக்கதல்ல.

எம்.ஏ.சி. மருத்துவத்தின் உயிர்நாடி அசித்ரோமைசின் அடங்கிய மேக்ரோலைடு வகை. அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும்; கற்றபின் நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம். சி.ஓ.பி.டி.க்காகவும் மூச்சுக்குழாய் விரிவுக்காகவும் அசித்ரோமைசினை மாதக்கணக்கில் தனியாகக் கொடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதைத் தொடங்கும் முன் சளியில் என்.டி.எம். இல்லை என்று ஒருமுறை பார்த்துவிடுவது கட்டாயம். சாதாரண இருமலுக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கிச் சாப்பிடுவோருக்கும் இதே எச்சரிக்கை.

மருந்து உணர்திறன் அறிக்கையை வாசிப்பதிலும் நிதானம் தேவை. எம்.ஏ.சி.க்கு, மேக்ரோலைடுக்கும் அமிக்காசினுக்கும் மட்டுமே ஆய்வக முடிவு நோயாளியிடம் தெரியும் பலனோடு ஒத்துப்போகிறது. எத்தாம்பூட்டாலுக்கு 'எதிர்ப்பு' என்று தாளில் அச்சாகியிருப்பதைப் பார்த்து அதை நிறுத்துவது பெரும் பிழை. மேக்ரோலைடு எதிர்ப்பு வராமல் காவல் காப்பதே அந்த மருந்துதான்.

கான்சசி நல்ல செய்தி. ரிஃபாம்பிசினுக்கு மடியும் கான்சசியை, ரிஃபாம்பிசின், எத்தாம்பூட்டால் ஆகியவற்றோடு ஐசோனியாசிட் அல்லது மேக்ரோலைடு ஒன்றைச் சேர்த்து, குறைந்தது 12 மாதம் கொடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

அப்செசஸ் நேர்மாறானது. வளர்ப்பில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், மருந்துக்கு எளிதில் இணங்காது. இதற்குள் அப்செசஸ், மாசிலியன்ஸ், பொல்லெட்டி என மூன்று உள்ளினங்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் பெரும்பாலும் செயல்படும் இ.ஆர்.எம்.41 என்ற மரபணு, மேக்ரோலைடைக் கண்டபின் விழித்து எதிர்ப்பை உண்டாக்கும். ஆகவே மூன்றாம் நாளில் 'மருந்துக்கு மடிகிறது' என்று காட்டிய கிருமி, பதினான்காம் நாளில் 'மடியவில்லை' என்று காட்டக்கூடும். ஆய்வகம் 14 நாள் வரை வைத்துப் பார்த்ததா என்று கேட்பது மருத்துவரின் கடமை. மாசிலியன்ஸில் அந்த மரபணு குறையுற்றிருப்பதால் மேக்ரோலைடு வேலைசெய்யும், குணமாகும் வாய்ப்பும் கூடும். அமிக்காசின், இமிபெனம், டைஜிசைக்ளின், செஃபாக்சிட்டின் ஆகிய ஊசிகளிலிருந்து சிலவும், குளோஃபாசிமின், லினசோலிட் போன்ற மாத்திரைகளும் சேர்ந்த முதற்கட்டமும், பின்னர் மாத்திரையும் மூச்சுவழி மருந்தும் கொண்ட நீண்ட கட்டமும் தேவைப்படும். இதை அனுபவமுள்ள மையத்தின் ஆலோசனையின்றித் தொடங்க வேண்டாம். நோய் ஒரு மடலோடு நின்றிருந்து நுரையீரல் திறன் இடம்கொடுத்தால், அந்தப் பகுதியை அறுவை மருத்துவத்தால் நீக்குவதையும் யோசிக்கலாம். சிமியே என்ற இனமும் மருந்துக்குச் சிரமம் கொடுப்பது. இந்திய ஆய்வகங்களில் அது தென்படுவதால் பெயரையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் படி: மருந்து உடலில் செய்வதைக் கவனிப்பது

எத்தாம்பூட்டால் கண் நரம்பைப் பாதிக்கலாம். தொடங்கும் முன் கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மையும் நிறப் பார்வையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலும் வாரம் ஒருமுறை, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு செய்தித்தாளில் ஒரே பத்தியைப் படித்துப் பார்க்கலாம். பிறகு மற்றக் கண்ணால் படிக்கலாம். எழுத்து மங்கினாலோ, பழக்கமான சிவப்புச் சேலை வெளிறிப் பழுப்பாகத் தெரிந்தாலோ, அன்றே எத்தாம்பூட்டாலை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அது தீங்கில்லை. அது மற்ற மருந்துகளின் வலிமையைக் குறைப்பதுதான் கவலை. வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, சில சர்க்கரை நோய் மாத்திரைகள், ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. மருந்துகள், பூஞ்சைக்கான இட்ராகோனசோல் எல்லாம் இதில் அடங்கும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டிவிடுவதே பாதுகாப்பு. அசித்ரோமைசின் இதயத்துடிப்பின் தாளத்தையும் செவித்திறனையும் பாதிக்கலாம், ஆகவே தொடக்கத்தில் ஒரு இ.சி.ஜி. அவசியம். அமிக்காசின் போடுபவர்களுக்குச் செவிச் சோதனையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் வந்தால் சொல்லத் தயங்கக் கூடாது, ஏனெனில் இழந்த செவித்திறன் திரும்புவதில்லை. குளோஃபாசிமின் தோலைக் கருமையாக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

பத்தாம் படி: மருந்துச்சீட்டில் இல்லாத மருத்துவம்

சளி தேங்கும் நுரையீரலில் எந்த மாத்திரையும் முழுமையாக வேலை செய்யாது. காலையிலும் மாலையிலும் பதினைந்து இருபது நிமிடம், மூச்சுப் பயிற்சியாலும், உடலைச் சாய்த்துப் படுக்கும் முறையாலும், அதிர்வு தரும் ஊதுகருவியாலும், உப்பு நீர் நெபுலைசராலும் சளியை வெளியேற்ற வேண்டும். ஒரு இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டிலேயே செய்யலாம். எடை குறைந்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம் அதிகம். முட்டை, பருப்பு, மீன், பால், நிலக்கடலை என்று வீட்டில் முடிந்ததைச் சிறு சிறு வேளையாகக் கூட்டி, மாதம் ஒருமுறை எடையைக் குறித்துவர வேண்டும்.

நீரைப் பற்றிப் பீதி தேவையில்லை, ஒழுங்கு போதும். மூடிய குளியலறையில் ஷவரைத் தவிர்த்து, வாளியில் பிடித்துக் குளிக்கும் நம் பழைய வழக்கமே இங்கே மேலானது. நீர் திவலையாகத் தெறிப்பது அதில் குறைவு. ஹீட்டரின் வெப்பம் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் கிருமி பெருகுவது குறையும்; குளிக்கும் முன் தண்ணீரைக் கலந்து இதமாக்கிக்கொள்ள மறக்க வேண்டாம். தொட்டிச் செடிக்கு மண் மாற்றும்போது மண்ணை நனைத்து, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளலாம். நெபுலைசர் கிண்ணத்தைக் குழாய் நீரில் அலசி அப்படியே வைப்பது பரவலான தவறு. தயாரிப்பாளர் அனுமதித்தால் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, முழுக்கக் காயவிட வேண்டும்.

பதினோராம் படி: எப்போது நிறுத்துவது, பிறகு என்ன

மருந்து தொடங்கியபின் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சளி வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும். நான்கு வார இடைவெளியாவது விட்டு எடுத்த மூன்று சளிகள் தொடர்ந்து கிருமியற்று இருந்தால், அவற்றில் முதல் சளி எடுத்த தேதியே கிருமி மறைந்த நாள். எம்.ஏ.சி. நோய்க்கு அந்த நாளிலிருந்து 12 மாதம் மருந்து தொடர வேண்டும். மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல. இந்தக் கணக்கு தவறி நான்கைந்து மாதம் முன்னதாகவே நிறுத்திவிடுவது எளிதில் நேர்வது. நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிட்டு வையுங்கள்.

நிறுத்தியபின் இருமல் திரும்பினால், பழைய கிருமியே மீண்டும் தலைதூக்கியிருக்கலாம். முடிச்சு வகை நோயில், சுற்றுப்புறத்திலிருந்து புதிதாக இன்னொரு கிருமி வந்திருப்பதே பெரும்பாலும் உண்மை. ஆகவே பழைய மாத்திரை மிச்சத்தை எடுத்துச் சாப்பிடாமல், மூன்றாம் படியில் சொன்னபடி கொதித்து ஆறிய நீரால் வாய் கொப்பளித்து, புதுச் சளியைக் கொடுக்க வேண்டும். அதற்குத் துணையாக ஒரு கோப்பில் நான்கு தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்: இனப்பெயர் எழுதிய வளர்ப்பு அறிக்கை, மருந்து உணர்திறன் அறிக்கை, மருந்து தொடங்கியபோதும் முடித்தபோதும் எடுத்த ஸ்கேன்களின் அறிக்கைகள். எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் கோப்பை முதலில் மேசைமேல் வையுங்கள்.